முனிரத்தினம் ஐயாவின் வால்நட்சத்திரங்கள்

மைக்ரோஸ்கோப்பில் முதன்முதலாக வால்நட்சத்திரம் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடுகிறார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். போன வாரம் இங்கே புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டதாம். அதில் தப்பே இல்லை. அந்தச் சந்தோஷம் இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். யாரைக் கூப்பிடுகிறோம், கூப்பிட்டு என்ன சொல்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஜெல் ஊற்றுவது, கண்ணாடித் தகடு தயார் செய்வது, சாயம் பூசுவது இதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். நான் ஓய்வு பெறுவதற்குள்ளேயே கருவிகள் மாறிவிட்டன. இப்போது கணினியே வாலை அளந்து கையில் கொடுத்துவிடுகிறது. அளந்ததை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் என்ன பேசுவது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. அதனால் முனிரத்தினம் ஐயாவின் கதையைச் சொல்கிறேன். அவரிடமும் அவர் மகனிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். "பேரு மட்டும் மாத்திடுமா, மத்தபடி எல்லாத்தையும் சொல்லு" என்று ஐயா சொல்லிவிட்டார். ஆகவே பெயர்கள் மட்டும் வேறு.

வரவேற்பிலும் அலுவலகத்திலும் சேர்ந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருப்பதால் இரண்டு வரியில் நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை ஜெல்லில் பதித்து, உறையைக் கரைத்துவிட்டு, மின்சாரம் செலுத்துகிறோம். உள்ளே இருக்கும் டிஎன்ஏ இழை முழுசாக இருந்தால் இருந்த இடத்திலேயே உருண்டையாக நிற்கும். அங்கங்கே அறுந்திருந்தால், அறுந்த பகுதி ஒரு பக்கமாக இழுபட்டு வாலாக நீளும். கறுப்பு வானத்தில் பச்சை வால்நட்சத்திரம். வால் நீளமென்றால் சேதம் அதிகம், அவ்வளவுதான். உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுக்க முடியும். வயதானவர்களுக்கு ஞாபகம் தேய ஆரம்பிக்கும்போது அதன் சுவடு இரத்த அணுக்களிலும் தெரியுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

பதில் ஒரு மாதிரியாக வந்துகொண்டிருந்தது. மறதி நோய் உள்ளவர்களை ஒரு கூட்டமாகவும் இல்லாதவர்களை ஒரு கூட்டமாகவும் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் இருப்பதுபோல் தோன்றியது. ஆள் ஆளாகப் பார்த்தால் இரண்டு கூட்டமும் சிவாஜி நகர் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களைப் போல ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. யார் எந்த வண்டிக்குப் போகிறவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இதற்குள்தான் நடக்கிறது.

முனிரத்தினம் ஐயா கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்கியவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, பிறகு மகன் சேகரோடு ஈஜிபுராவில் இருந்தார். அவர் மனைவி மறதி நோய் வந்து, பல வருடம் படுத்து, இறந்துபோனார். அந்த வருடங்களில் சமைத்தது, குளிப்பாட்டியது, தலை வாரிவிட்டது எல்லாம் ஐயாதான். மனைவி போன பிறகு, எங்கள் ஆய்வுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் தானே வந்து நின்றார். எதற்காகச் சேருகிறீர்கள் என்று கேட்டேன். அந்த நோயிடம் தனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது என்றார்.

எங்களிடம் வருகிறவர்களுக்கு முதலில் ஞாபகப் பரீட்சை, அப்புறம் இரத்தம், அப்புறம் காபியும் பன்னும். பரீட்சையில் சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வோம். அந்தச் சொற்களைப் பற்றி வெளியே யாரோடும் பேசக் கூடாது என்பது விதி. ஒரு நாள் நான் காத்திருக்கும் அறைப் பக்கம் போனால், ஐயா பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "எனக்கு 'செருப்பு' விட்டுப்போச்சு, உங்களுக்கு இன்னா விட்டுப்போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா மிகவும் சீரியஸாக விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் ஸ்டெல்லா டீச்சர். காக்ஸ் டவுன்காரர், பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நீண்ட காலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. நான் இரண்டு பேரையும் பரீட்சையில் பிட் அடித்த பிள்ளைகளைப் போல நடத்தினேன். அடுத்த முறை இருவருக்கும் வேறு வேறு நாள் கொடுத்தோம். இரண்டு பேரும் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த நாள் வசதிப்படாது, இன்ன நாள்தான் வசதி என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒரே நாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் அலுவலகமே ஒரு தொடரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா சட்டையை இஸ்திரி போட்டு வர ஆரம்பித்தார். டீச்சர் வீட்டில் செய்த கேக் எங்கள் எல்லோருக்கும் வந்தது, ஆனால் பெரிய துண்டு யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு நாள் ஐயா என்னிடம் வந்து, தாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னார். அவர் பௌத்தர், டீச்சர் கிறித்தவர், அதனால் ரிஜிஸ்டர் ஆபீஸ்தான் யாருக்கும் வம்பில்லாத இடம் என்றார். சேகர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவன் குஷியா கீறாம்மா, ஆனா வெளிய காட்டிக்க மாட்டான்" என்றார்.

இனி பிரியா. பிரியா எங்களிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்த புதிது. கெட்டிக்காரி, ஓடி ஓடி வேலை செய்வாள். நம் விதிப்படி, தகட்டைப் பார்க்கிறவருக்கு அது யாருடைய இரத்தம் என்று தெரியக் கூடாது. குழாயில் எண் மட்டும்தான் இருக்கும். ஒரு நாள் இரத்தம் எடுக்கிற நர்ஸுக்கு உதவி ஆள் இல்லாததால், குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொடுத்தது பிரியா. பிறகு அதே தகடுகளைப் பார்த்ததும் பிரியா. ஒரு தகட்டில் வால்கள் அவள் அதுவரை பார்க்காத நீளத்தில் இருந்தன. எண்ணைப் பார்த்தாள். யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அப்பா மறந்துவிட்டுப்போன கண்ணாடியை வாங்கிப்போக சேகர் வந்திருந்தார். காபி இயந்திரத்தின் பக்கத்தில் பிரியாவைப் பார்த்து, அப்பாவுடைய டெஸ்ட் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். அவளும் அதே பேச்சுவாக்கில், "உங்க அப்பாவோட ஸ்லைடு சூப்பர் சார், இவ்வளவு நீள வால் நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிவிட்டாள். வால் என்றால் என்ன என்று அவர் கேட்டார். அவள் விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள். அதுதான் வினையானது.

அன்று பிற்பகல் சேகர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பொம்மனஹள்ளியில் ஒரு தையல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சாதாரணமாக நிறையப் பேசுகிறவர். அன்றைக்கு உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. எங்கம்மாவுக்கு வந்தது நைனாவுக்கும் வரப்போகுதா?"

பிரியா சொன்னதை அப்படியே சொன்னார். அவர் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பயந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா கடைசில என்னை அவங்க அண்ணன்னு நெனச்சிட்டாங்க. நானும் அண்ணனாவே இருந்தேன். பரவால்ல மேடம், அது என் அம்மா. அந்த டீச்சரம்மா யாரோ, எவரோ. தெரிஞ்சே அவங்கள இதுல எறக்கிவிட முடியுமா? ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போய் நானே சொல்லிடப்போறேன். நைனாவுக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

அப்பாவின் கல்யாணத்தை நிறுத்துகிற பிள்ளைகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். இவர் அந்த வகை இல்லை. ஒரு பெண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று தவிக்கிறவர். அப்படிப்பட்டவரிடம் பேசுவதுதான் கஷ்டம்.

எனக்கு அந்த நிமிடம் இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. இரண்டும் சுலபமானவை. ஒன்று, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், கவலைப்படாம போங்க." இன்னொன்று, "தனிப்பட்ட முடிவுகளைச் சொல்லக் கூடாதுன்னு விதி." முதலாவது எனக்கே தெரியாத ஒன்றை உறுதியாகச் சொல்வது. இரண்டாவது உண்மைதான், ஆனால் பயந்துபோன ஒருவரிடம் விதியைச் சொன்னால் அவர் காதில் "ஆமாம், வரப்போகிறது" என்றுதான் விழும். இந்த இரண்டு பதில்களும் உங்களுக்கும் ஒரு நாள் நாக்கு நுனிக்கு வரும். வரும்போது கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

நான் சேகரிடம், அப்பாவின் இரத்தத்தைப் பற்றி அப்பா இல்லாமல் பேச எனக்கு உரிமை இல்லை, நாளைக்கு அவரையும் கூட்டிவாருங்கள் என்றேன். அவருக்குத் தெரியக் கூடாது என்றுதானே சொல்கிறேன் என்றார்.

"அவருக்குத் தெரியாம டீச்சருக்கு மட்டும் தெரியணுமா சேகர்? நீங்க அவர் எடத்துல இருந்தா?" என்றேன்.

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். சரி, கூட்டிவருகிறேன் என்றார்.

அவர் போனதும் நான் எங்கள் ஆய்வின் தலைவியிடம் போனேன். நாங்கள் அவரைப் பெரிய மேடம் என்போம். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிரியாவைக் கூப்பிட்டார். பிரியா உள்ளே வரும்போதே அழுதுகொண்டு வந்தாள், வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டிருந்தாள். பெரிய மேடம் ஒரு டிஷ்யூவைக் கொடுத்துவிட்டு, "நீ என்ன பார்த்தே?" என்று கேட்டார்.

"நீளமான வால்."

"அதுல இருந்து என்ன தெரியுது?"

"இரத்தம் எடுத்த அன்னைக்கு அந்த அணுக்கள்ல சேதம் அதிகமா இருந்தது."

"எதனாலன்னு தெரியுமா? நாளைக்கும் இருக்குமான்னு தெரியுமா? அவருக்கு ஞாபகம் போகுமான்னு தெரியுமா?"

மூன்றுக்கும் பிரியா தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

"நீ பார்த்தது ஒண்ணு, சேகர் காதுல விழுந்தது வேற ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நமக்குத்தான் தெரியும். அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தா அவர் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பார்."

திட்டு அவ்வளவுதான். பிறகு எங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தனி முடிவுகளைச் சொல்வதில்லை என்ற விதி, அரைகுறையாகத் தெரிந்து யாரும் பயப்படக் கூடாது என்பதற்காக வைத்தது. இங்கே அரைகுறையாகத் தெரிந்தாகிவிட்டது. பாதியைச் சொன்ன நாம்தான் மீதியையும் சொல்ல வேண்டும், அதுவும் உரியவரிடம். பெரிய மேடம் அன்றைக்கே நெறிமுறைக் குழுவின் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி அனுமதி வாங்கினார். பிரியாவும் நானும் தகடுகளைத் திரும்பப் பார்த்தோம். ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு முறையும் கூடவே வைக்கிற இரத்தத்தில் வால் வழக்கம்போலத்தான் இருந்தது. மற்றவர்களுடையதும் அப்படியே. ஆக, வேலையில் கோளாறு இல்லை. நீளம் ஐயாவின் அணுக்களில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், கோளாறு ஏதாவது கண்ணில் படாதா என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். சேகர் இருக்கட்டுமா, வெளியே இருக்கட்டுமா என்று ஐயாவிடம் கேட்டேன். "இருக்கட்டும்மா. நேத்துலேர்ந்து அவன் சோறே துன்னல. அவனுக்காகத்தான் வந்தேன்" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அணுக்களில் அன்று சேதம் அதிகமாக இருந்தது. காரணம் தெரியாது. மறதி வருமா வராதா என்று ஒரு தனி ஆளுக்கு இதை வைத்துச் சொல்ல முடியாது, இப்போதைக்கு உலகத்தில் யாராலும் முடியாது என்றேன். உடம்பில் இந்த இழைகள் தினமும் அறுவதும் தினமும் தைக்கப்படுவதும் எல்லோருக்கும் நடப்பதுதான் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் பயம் இல்லை. யோசனை இருந்தது.

"அது புரியுதும்மா. சுரங்கத்துல முட்டுக் கொடுத்த மரம் தெனம் ஒண்ணு விரியும். தெனம் மாத்திக்கினே இருப்பாங்க. விரிசலை மட்டும் பாத்தா ஒருத்தனும் எறங்க மாட்டான்" என்றார்.

அவரே இப்படிச் சொல்லி எனக்கு வேலையைக் குறைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. வாலை நீட்டக்கூடியவை என்று நாங்கள் கேள்வித்தாளில் கேட்கிற காய்ச்சல், எக்ஸ்ரே, புகை, மருந்து எல்லாவற்றுக்கும் அவர் இல்லை என்று பதில் சொல்லியிருந்தார். நான் அந்தக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, இரத்தம் கொடுக்கிறதுக்கு முந்தின நாள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தீர்கள், சும்மா சொல்லுங்கள் என்றேன்.

ஐயா மகனைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, டீச்சரின் பழைய மாணவர்கள் சேர்ந்து நந்திமலைக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தார்கள் என்றார். எல்லோரும் வேனில் மேலே போனார்கள் என்றார். கொஞ்சம் இழுத்தார். தானும் இரண்டு மூன்று இளவட்டங்களும் மட்டும் அடிவாரத்தில் இறங்கி, படி வழியாக ஏறினோம் என்றார்.

"வெயில்லயா?" என்றேன்.

"வெயில்லதான். அந்தப் பசங்களுக்கு மூச்சு வாங்கிச்சு. நான்தான் மொதல்ல போய் நின்னேன்."

சேகர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "முட்டி வலிக்குதுன்னு ரெண்டு ராத்திரி தைலம் தேச்சிக்கிட்டுப் படுத்தீங்களே நைனா, பஸ்ல இடிச்சிக்கிச்சுன்னு சொன்னீங்களே, அது இதானா?"

"டீச்சர் மேல நின்னு பாத்துக்கினு இருந்தாங்கடா" என்றார் ஐயா. அதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை என்பதுபோல.

நான் சிரித்துவிட்டேன். சேகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க வியாதியப் பத்தித்தானே கேட்டீங்க, படி ஏறுறது வியாதியா?" என்றார் ஐயா. கேள்விதான் தப்பு, பதில் தப்பில்லை. பழக்கமில்லாத உடம்பைக் கடுமையாக வருத்தினால் ஒன்றிரண்டு நாளைக்கு இந்த வால்கள் நீளக்கூடும் என்பது நம் துறையில் எல்லோரும் அறிந்த விஷயம். எங்கள் கேள்வித்தாளை எழுதியவர்கள் எழுபது வயதுக்காரர் மலை ஏறுவார் என்று நினைக்கவில்லை. "கடந்த சில நாட்களில் மலையேற்றம், ஓட்டம், கடுமையான உடலுழைப்பு உண்டா?" என்று இன்று நீங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி முனிரத்தினம் ஐயா நமக்குக் கொடுத்தது.

சில வாரங்கள் கழித்து, அவர் எங்கும் ஏறாமல் இறங்காமல் வீட்டில் இருக்கும்போது, சம்மதத்துடன் இன்னொரு முறை இரத்தம் எடுத்தோம். இந்த முறை எண் ஒட்டியவர் வேறு, பார்த்தவர் வேறு. வால்கள் குட்டையாக இருந்தன. அவர் வயதுக்காரர்களுக்கு வழக்கமாக இருக்கிற அளவு.

இங்கேதான் நீங்கள் உன்னிப்பாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் என் வேலைக்காலத்தில் வாயை மூடிக்கொள்ள நான் மிகவும் கஷ்டப்பட்ட நாள், கெட்ட செய்தி வந்த நாள் அல்ல. இந்த நாள்தான்.

அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். டீச்சருக்கு எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டதாகவும், அவரும் உட்கார்ந்து கேட்கட்டும் என்றும் ஐயா சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் சேகர் மேசையைத் தட்டினார். "அப்ப நைனா க்ளியர். இனி பேஜார் இல்ல. தேதி குறிச்சிடலாம்" என்றார். கைப்பையிலிருந்து மைசூர்பாகு டப்பாவே வெளியே வந்துவிட்டது. பிரியா கதவோரம் நின்று கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரே ஒரு "ஆமாம்" சொன்னால் போதும். அறையே அதற்காகக் காத்திருந்தது. எனக்கும் சொல்ல ஆசையாக இருந்தது.

"சேகர், டப்பாவைக் கொஞ்சம் மூடுங்க" என்றேன். "வால் நீளமா இருந்தப்ப, இதை வச்சு நைனாவுக்கு மறதி வரும்னு சொல்ல முடியாதுன்னு சொன்னேன் இல்லையா? இப்ப குட்டையா இருக்குது. இதை வச்சு வராதுன்னும் சொல்ல முடியாது. அன்னைக்கு உங்க பயத்துக்கு இது சாட்சி இல்ல. இன்னைக்கு உங்க சந்தோஷத்துக்கும் சாட்சி இல்ல."

சேகரின் முகம் சுருங்கியதை நான் மறக்க மாட்டேன். "அப்ப இவ்வளவும் எதுக்கு மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்களையும் கேட்பார்கள். இப்போது ஒருவருக்கும் பயன்படாது, நிறையப் பேருடைய இரத்தத்தைப் பல வருடம் பார்த்தால் ஒருவேளை பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படலாம், உங்கள் அப்பா அதற்காகத்தான் கையை நீட்டினார் என்றேன். அவர் டப்பாவை மூடிவைத்தார். திரும்பப் பழைய கவலைக்கே போய்விட்டார் என்பது தெரிந்தது. ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்து, நாளைக்கு நைனா உங்களை யாரென்று கேட்டால் என்ன செய்வீர்கள் ஆன்ட்டி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசுகிற குரல்.

"தம்பி, இத்தனை வாரமா நீங்க எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போட்டுட்டு இருக்கீங்க. இவர் மறந்துட்டா நான் என்ன ஆவேன்னு. எனக்கும் இவர் வயசுதான். நான் மறந்துட்டா இவர் என்ன ஆவார்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே?"

அந்தக் கேள்வி எனக்கும் தோன்றியிருக்கவில்லை என்பதை உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. டீச்சரும் எங்கள் ஆய்வில்தான் இருந்தார். அவருடைய இரத்தமும் எங்கள் குளிர்பெட்டியில்தான் இருந்தது. அவருக்கு எப்படி என்று ஒருவரும் நினைக்கவில்லை.

ஐயாதான் பேசினார். "நான் பாத்துக்குவேன். எனக்குப் பழக்கம் கீது" என்றார்.

அதை அவர் பெரிய வாக்குறுதி போலச் சொல்லவில்லை. காய்கறி வாங்கிவருகிறேன் என்பதுபோலச் சொன்னார். அம்மாவுக்குத் தலை வாரிவிட்ட அப்பாவை சேகர் தினமும் பார்த்தவர். அவர் டப்பாவைத் திறந்து, முதல் துண்டை டீச்சரிடம் நீட்டினார்.

பதிவு அலுவலகத்தில் சேகர்தான் முதல் சாட்சிக் கையெழுத்து. கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, பிரியா பேனா கொடுத்தாள். டீச்சர் நீலப் பட்டுப்புடவை, ஐயா வெள்ளைச் சட்டை. வெளியே வந்ததும் டீச்சரின் பழைய மாணவர்கள் ஒரு வேன் நிறைய வந்து நின்று சத்தம் போட்டார்கள். அந்தப் பையன்களில் ஒருவர் ஐயாவிடம், இன்னொரு தடவை படி ஏறலாமா தாத்தா என்று கேட்டார். டீச்சர் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் லிஃப்ட் இருக்கிற இடத்துக்குத்தான் போவோம் என்றார்.

ஐயா காக்ஸ் டவுன் வீட்டுக்குக் குடிபோனார். நம் ஆய்வில் ஒவ்வொருவரோடும் வீட்டில் இருக்கிற ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, இவருக்கு ஞாபகம் எப்படி இருக்கிறது என்று கேட்போம் இல்லையா? அடுத்த வருடம் ஐயாவுக்கு டீச்சர், டீச்சருக்கு ஐயா. டீச்சரைக் கேட்டால், பால் வாங்கப் போனவர் கொத்துமல்லியோடு வந்தார், அதுவும் கடைக்காரரோடு பேசிக்கொண்டே இருந்ததால், அதை மறதியில் சேர்ப்பதா வம்பளப்பில் சேர்ப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். ஐயாவைக் கேட்டால், "அவங்க எதையும் மறக்கறதே இல்லம்மா. அதான் எனக்கு ரோதன" என்றார். நான் இரண்டையும் அப்படியே பதிவு செய்தேன். இருவருக்கும் இனி என்ன ஆகும் என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு இரண்டு முறை கேக் வந்தது. ஏற்கெனவே அனுப்பியதை யார் மறந்தது என்று நான் விசாரிக்கவில்லை. ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களையும் ஆய்வில் சேர்க்கலாம் என்று முடிவானது. சேர வந்த முதல் சிலரில் ஒருவர் சேகர். நான் மேசையில் வேறு வேலையாக இருந்தேன், பிரியாதான் அவரிடம் சம்மதம் வாங்கினாள். இப்போது அவள் டாக்டர் பிரியா. சம்மதத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவளாக இல்லை, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுச் சொல்லிப் புரிகிறதா என்று கேட்டாள். அவருடைய தனி முடிவு அவருக்குச் சொல்லப்பட மாட்டாது, அதிலிருந்து அவருக்கு என்ன வரும் என்று சொல்லத் தெரியாது என்பதையும் சொன்னாள். சேகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கேட்டார்:

"எனக்கு வேணாம் மேடம். என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவளுக்கு எங்க வயசாகறப்ப உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கும் இல்ல?"

நான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அப்படி ஒருவர் கேட்கும்போது யாருக்குத்தான் "கண்டிப்பா சார்" என்று சொல்லத் தோன்றாது?

பிரியா கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "தெரியல சார். தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட கேக்கறோம்" என்றாள்.

சேகர் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.